நுரை சாட்சி

சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார். வேலையிடத்தில், தெருவில், மச்சினன் வாயில், எங்கே போனாலும் அவர் மோப்பம்தான்.

அடுக்குமாடிக் கட்டடங்களுக்குச் சமையல் எரிவாயுக் குழாய் பதிப்பது அவர் வேலை. தரைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய குழாய் ஏறும். மாடிக்கு மாடி கிளை பிரிந்து, வீட்டுக்கு வீடு ஒரு அடுப்படியில் போய் முடியும். ஒரு கட்டடத்தில் எண்ணூறு இணைப்பு இருந்து அதில் ஒன்றே ஒன்று கசிந்தாலும் கதை முடிந்தது. எரிவாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் ஆளுக்குத் தெரிய வேண்டுமே என்று அழுகின முட்டை நாற்றத்தைக் கலந்துதான் அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் மற்றவர்கள் மூக்கில் ஏறுவதற்கு இரண்டு மாடி முன்னாலேயே இவர் படிக்கட்டில் நின்று தலையைச் சாய்த்திருப்பார். "அஞ்சாவது மாடி, பின்பக்கத்து வீடு" என்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள்.

ஆனாலும் மூக்கை நம்பி அவர் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. இணைப்பு ஒவ்வொன்றையும் சுற்றிச் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் பூசுவார். பூசிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். நுரை அசையாமல் படுத்திருந்தால் இணைப்பு சுத்தம். ஒரு குமிழி மெல்ல எழுந்து உப்பினால் லீக். "மூக்கு புகார்தான் சொல்லும். நுரைதான் சாட்சி" என்பது அவர் வேதவாக்கு. நுரை வைக்காமல் கையெழுத்துப் போட்ட ஒருவனை அவர் ஒருமுறை படிக்கட்டிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். எட்டு மாடிக்கும் கேட்டது.

அவர் மனைவிக்கும் லீக்கில்தான் பிழைப்பு. அவள் நகரக் குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுப்பவள். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஒரே நாலு கேள்வி. எந்த இடம், எவ்வளவு நேரமாகக் கசிகிறது, பெரியதா சின்னதா, ஆள் அனுப்ப வேண்டுமா. கேட்டு முடித்து ஐந்து இலக்கப் புகார் எண் கொடுப்பாள். தெருவே மூழ்குகிறது என்று அலறுகிறவன் வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் ஈரம்தான் என்று தயங்குகிறவர் வீட்டில்தான் சுவர் விழும். இருபது வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் குரலிலேயே பொய் தெரியும். பொய் சொல்கிறவர்கள் கேள்வி முடிவதற்கு முன்னால் பதிலைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவள் கண்ட உண்மை. அந்த எண்ணுக்கு மட்டும் கூப்பிடக் கூடாது என்று புருஷனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எல்லாம் பதிவாகும், அது ஊர் லைன், வீட்டு லைன் இல்லை என்பாள். அவரும் அந்தச் சொல்லைத் தட்டியதில்லை.

வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் கழித்து ஒரு நாள் காலை, புதுக் கட்டடம் ஒன்றில், குழாய்கள் மேலேறும் சந்துக்குள் பலகை மேல் நின்று எட்டிப் பார்த்தார். பலகையை யாரோ சரியாக வைக்கவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு விழுந்தார். விழுந்து கிடந்தபடி முதலில் அவர் சொன்னது, மேலே லீக் இருக்கிறது, வால்வை மூடுங்கள் என்பதுதான். மூடினார்கள். நாலு பேர் அவரைத் தூக்க வந்தபோது, ஒருவன் பூட்ஸ் காலோடு அவர் பாதத்தின் மேல் ஏறி நிற்பதை அவர் கண்ணால் பார்த்தார். பார்த்தாரே தவிர, காலுக்கு அது தெரியவில்லை. அப்போதுதான் விஷயம் புரிந்தது.

முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத் தண்டு நசுங்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. மருத்துவமனையில் பெரிய டாக்டர் ஊசியால் குத்திக்கொண்டே வந்து, கால் விரல் வரைக்கும் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். "சுத்தம்" என்றார் மோப்பம். வேலையில் நல்ல இணைப்புக்குச் சொல்கிற சொல். அது தன் வாயிலிருந்து அப்படி விழுந்தது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது.

சக்கர நாற்காலிக்குப் பழகிக்கொண்டார். அதில் பெருமைப்படும் அளவுக்குக் கெட்டிக்காரராகவும் ஆனார். வாசற்படிக்குச் சாய்தளம் வைத்தார்கள், அடுப்பு மேடையைத் தாழ்த்தினார்கள். கம்பெனி அவரைக் கைவிடவில்லை. புது ஆட்களுக்கு நுரை வைக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை வாரத்தில் மூன்று நாள். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடுகிற மனுஷன் இப்போது ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று மச்சினன் கேலி செய்தான். அவரும் சிரித்தார்.

அந்தக் கேலி சிரிக்க முடியாததாக ஆனது மூன்றாவது வருஷம், ஒரு குளிர்காலக் காலையில். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். அவர் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நைலான் கருகுகிற வாடை வந்தது. உடனே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அடுப்பு அணைந்திருந்தது. வாடை அங்கேயும் இருந்தது. சுவிட்ச் பலகையை முகர்ந்தார், இஸ்திரிப் பெட்டியை முகர்ந்தார். படுக்கையறைக்குப் போனார், வாடை அங்கும் வந்தது. எந்த அறைக்குப் போனாலும் அந்த அறையில் இருந்தது. வாடையில் இப்போது நைலான் மட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டில் லீக்கைக் கண்டுபிடித்தவருக்கு, தன் வீட்டில் ஐந்து நிமிஷம் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் குனிந்து பார்த்தார். இடது கால் சாக்ஸ் உருகிச் சுண்டு விரலோடு ஒட்டியிருந்தது.

புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. அவர் அழுததில்லை, விழுந்த அன்றுகூட. சாக்ஸைப் பிரித்தெடுத்த நர்ஸ் முன்னால் அழுதார். வலியில் அழுதிருந்தால் பரவாயில்லை. வலிக்காததற்கு அழுதார்.

இதற்கிடையில் மச்சினன் வாரம் ஒரு அற்புதத்தைக் கொண்டுவந்து போனில் காட்டிக்கொண்டிருந்தான். எங்கோ ஒரு இடத்தில் ஊசி போடுகிறார்களாம், மூன்றே வாரத்தில் நடக்கலாமாம், நடந்தவர்கள் பூங்கொத்தோடு சிரிக்கும் படமும் இருந்தது. மோப்பம் போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், "நாறுது மாப்ள" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு நாள் அவன் கொண்டுவந்தது வேறு மாதிரி இருந்தது. அதில் படமே இல்லை. பெரிய ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்றில், நரம்புத் தண்டு அடிபட்டவர்களுக்குச் செல் வைத்துப் பார்க்கப் போகிறார்கள், சோதனைக்கு ஆள் வேண்டும், பணம் வாங்க மாட்டோம், பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டோம், ஆபத்து உண்டு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. மோப்பம் அதை இரண்டு தடவை படித்தார். பலன் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஆளைத்தான் அவருக்குப் பிடிக்கும்.

அங்கே இருந்த டாக்டரம்மா நெடுநெடுவென்று உயரமானவர், பேச்சு மட்டும் ரொம்பக் குறைவு. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லோரும் நடக்க வேண்டும் என்பார்களாம். இவர் சாக்ஸ் கதையைச் சொல்லி முடித்தார். "நடக்கறதெல்லாம் பெரிய ஆசை டாக்டரம்மா. சுட்டா தெரியணும். அது போதும்." டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

சேர்ப்பதற்கு முன் ஒரு பரிசோதனை. படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் பஞ்சால் பாதத்தை அங்கங்கே தொடுவாள். தெரிகிறதா, எந்தக் கால் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இங்கேதான் நம் ஆள் ஒரு காரியம் செய்தார். அப்படிப்பட்ட மூக்கு வைத்திருக்கிறவர் ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும்.

அவர் அதைப் பரீட்சை என்று நினைத்துவிட்டார். பரீட்சை என்றால் சரியாகச் சொன்னவனுக்குத்தானே இடம் கிடைக்கும்? அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் கையைக் கிருமிநாசினியில் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் காற்று காலிலிருந்து தலைப் பக்கம் வீசியது. அவள் கை இடது பக்கம் போனால் ஸ்பிரிட் வாடை இடது நாசியில் முந்தும், வலது பக்கம் போனால் வலது நாசியில். கை பின்வாங்கினால் வாடை மெலியும். மோப்பம் கண்ணை மூடியபடி இடது, வலது, இடது, இல்லை, வலது என்று சொல்லிக்கொண்டே போனார். பத்துக்கு ஒன்பது சரி. எழுந்து உட்கார்ந்தபோது முகத்தில் பெருமை வழிந்தது.

டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருஷத்து அறிக்கையில் ஒன்றுமே இல்லை, இன்றைக்கு இருக்கிறதே என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். முதுகைத் திறந்து தண்டுக்குள் கை வைக்கிற வேலை இது. அங்கே கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தால் அதுவும் போய்விடலாம். அதனால் இந்தச் சோதனையில் உணர்வு அறவே இல்லாதவர்களை மட்டும்தான் எடுக்கிறார்கள். உங்களை எடுக்க முடியாது.

மோப்பம் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். பொய் சொன்னேன் என்றால் நம்பத் தகாதவன் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டாலும் வெளியேதான். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்தாள். புகார் கேட்டுப் பழகின காது அவளுடையது.

"ஏங்க, அந்தப் பொண்ணு தொடறதுக்கு முன்னாடியே பதில் சொன்னீங்க."

அவர் சுவரைப் பார்த்தார்.

"நுரை வெக்காம கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

இதைவிட அவள் ஒரு அறை விட்டிருக்கலாம். படிக்கட்டில் நிறுத்தித் தான் வாங்கின அந்த ஆளின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. "போட்டுட்டேன்" என்றார். ஸ்பிரிட் வாடையை டாக்டரம்மாவிடம் சொன்னார். டாக்டரம்மா நம்பவில்லை. உலகத்தில் யார்தான் நம்புவார்கள்? கண்ணைக் கட்டினார்கள். அந்தப் பெண் எங்கே நிற்கிறாள், எந்தக் கையில் பஞ்சு இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், மன்னிச்சுக்குங்க, நீங்க மத்தியானம் ஆரஞ்சுப் பழம் சாப்பிட்டிருக்கீங்க என்று டாக்டரம்மாவிடமே சொன்னார். அன்றைக்குத்தான் அந்த அம்மா சிரித்து அங்கே வேலை செய்கிறவர்கள் பார்த்தார்களாம்.

மறுபடி பரிசோதனை நடந்தது. இந்தத் தடவை நீச்சல்காரர்கள் மாட்டுகிற கிளிப் ஒன்றை மூக்கில் மாட்டி, ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்தார்கள். தோளைத் தட்டினால் கேள்வி கேட்டதாக அர்த்தம். பத்துக்குப் பத்தும் "தெரியல". சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுத்தான் மோப்பம் திகைத்துப் போனார். முதுகில் வைக்கப் போகிற செல்லை எங்கிருந்து எடுப்பார்கள் தெரியுமா? அவர் மூக்கிலிருந்து. தண்டில் அறுந்த நரம்பு தானாக வளர்ந்து சேர்வதில்லை. அங்கே தழும்பு விழுந்து வழி அடைத்துவிடும். ஆனால் மூக்கின் உச்சியில், மணம் பிடிக்கிற நரம்பு மட்டும் பிறந்ததிலிருந்து சாகிற வரை மடிந்து மடிந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முளையும் எலும்பில் உள்ள சின்னத் துளை வழியாக மூளைக்குப் போய்ச் சேருகிறது. தடுக்கி விழாமல் போய்ச் சேருவதற்கு அதன் கூடவே சில செல்கள் போகின்றன. அந்தச் செல்களைத்தான் எடுத்து, வளர்த்து, முதுகில் வைக்கப் போகிறார்கள். மூக்கில் செய்த உதவியை அங்கேயும் செய்யுமா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை.

மோப்பம் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஐம்பது வருஷமாக முகத்தின் நடுவில் இருந்த சாமான். கோபம் வந்தால் சிவக்கும், சளி பிடித்தால் ஒழுகும். அதற்குள் இப்படி ஒரு வேலை நாள் தவறாமல் நடந்துகொண்டிருக்கிறது என்று யார் கண்டது?

பயமும் அதே இடத்தில்தான் இருந்தது. ஒரு நாசியிலிருந்து மட்டும்தான் எடுப்பார்கள், ஆனாலும் மணம் குறையலாம், திரும்பாமலும் போகலாம் என்று தாளில் எழுதியிருந்தது. காலுக்குக் காவல் அந்த மூக்குதான். அதுவும் போனால் அடுத்த சாக்ஸ் எரியும்போது யார் சொல்வது? ஒரு வாரம் அவர் அந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மனைவி இதில் தன் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். எட்டாம் நாள் அவரே சொன்னார், இந்த மூக்கு ஒண்டியா ரொம்ப நாள் காவல் காத்துட்டுது, அதுக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைக்குமான்னு பார்ப்போம் என்று. கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் படித்தார்.

மூக்கிலிருந்து எடுத்தது அரை விரல் நகம் அளவுகூட இல்லை. மூன்றாவது வாரம் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே விடமாட்டார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை மூடின ஆட்கள் மட்டும் போகிற இடம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு திரை இருந்தது. ஆய்வகக்காரம்மா திரையைப் போட்டார். இளஞ்சாம்பல் வெளியில் செல்கள் மெல்லிசாக, நீளமாக, இரண்டு முனையும் கூராக நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசை பிடித்திருந்தன. மணிக்கணக்கில் எடுத்த படத்தை வேகமாக ஓட்டிக் காட்டினார். அவை நகர்ந்தன. ஒன்று முனையை நீட்டித் தடவிப் பார்த்து, பக்கத்தில் இருந்ததைத் தொட்டு, அதோடு ஒட்டிக்கொண்டு போனது.

"இதெல்லாம் நானா?" என்று கேட்டார் மோப்பம்.

நீங்கதான் என்றார் அந்த அம்மா. இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய திரவத்தை மாற்றிப் புதியது வைக்கிறாராம், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிறாராம், விடுமுறை நாளிலும் வந்து பார்க்கிறாராம். இதுக்கு மணம் தெரியுமா என்று கேட்டார் மோப்பம். தெரியாது, மணம் பிடிக்கிற நரம்பு வேற, இது அந்த நரம்புக்கு வழித்துணை என்றார் அவர். மோப்பம் திரை முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு உடம்புக்குள் இவ்வளவு கருணை இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. கிளம்பும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அலமாரியைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு கும்பிடு போட்டார்.

முதுகைத் திறந்து, தழும்பு மூடியிருந்த இடத்தின் மேலும் கீழும் அந்தச் செல்களை வைத்தார்கள். பத்து மணி நேரம் ஆயிற்று. எல்லாச் செல்லும் சேர்ந்து சில சொட்டு திரவத்துக்குள் அடங்கிவிட்டது என்று பிறகு டாக்டரம்மா சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பயந்தது நடந்தது. செல் எடுத்த இடத்தில் புண் கிளம்பி, மூக்கு வீங்கி இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. ஏழு வாரம் உலகத்தில் எதற்கும் மணம் இல்லை. காலுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மனைவி சுவரெல்லாம் தாள் ஒட்டினாள், 'அடுப்பைப் பார்', 'காலைப் பார்' என்று. ஹீட்டரைத் தூக்கித் தன் தம்பி வீட்டில் வைத்துவிட்டாள். எட்டாம் வாரம் ஒரு காலையில் அவர் படுக்கையிலிருந்து, டீ கொதிச்சுப் பொங்கப் போகுது என்று கத்தினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றாள்.

மூக்கு திரும்பிவிட்டது. கால் திரும்பவில்லை. வாரம் ஐந்து நாள், தினம் மூன்று மணி நேரம் பயிற்சி. வாரில் தொங்கவிட்டு, கீழே ஓடுகிற பட்டையில் காலை எடுத்து எடுத்து வைப்பார்கள். பொம்மைக்கு நடை பழக்குகிற மாதிரிதான் இருக்கும். மாதக் கடைசியில் பரிசோதனை. கிளிப், பஞ்சு, சாத்தின ஜன்னல். அந்தப் பயிற்சிப் பெண் சில தடவை தொடுவாள், சில தடவை தொடாமலே தோளைத் தட்டுவாள். மூக்கை அடைத்த குரலில் வாத்து மாதிரி "தெரியல, தெரியல" என்பார். இரண்டாவது மாதம் தெரியல. ஐந்தாவது மாதம் தெரியல. ஒன்பதாவது மாதம், இந்த ஆஸ்பத்திரியிலேயே உங்க அளவுக்கு ஒழுங்கா தெரியலன்னு சொல்றவர் இல்ல அண்ணே என்றாள் அவள். அவரும் சிரித்துவைத்தார். வீட்டுக்குப் போகிற வண்டியில் மனைவியிடம் மட்டும் சொன்னார். "வேலையில ஒரு லீக் இருந்துடக் கூடாதுன்னு வேண்டிப்பேன். இப்ப ஒரே ஒரு லீக் வரணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். அடைச்ச குழாய்ல ஒரு சின்ன லீக்." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோராவது மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். மனைவிக்கு அன்று வேலை. முதல் ஆறு தட்டலுக்கும் தெரியல. ஏழாவது தட்டலுக்கு அவர் பதில் சொல்லவில்லை. தூங்கிவிட்டாரா என்று அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவர் புருவம் இரண்டும் சேர்ந்திருந்தது. படிக்கட்டில் நின்று தலையைச் சாய்ப்பாரே, அதே போலத் தலை சாய்ந்திருந்தது.

"இரு தங்கச்சி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தூரத்துல யாரோ கதவத் தட்ற மாதிரி இருக்கு. இடது. சுண்டு விரல்."

அவள் பஞ்சு இடது கால் சுண்டு விரலில்தான் இருந்தது. தழும்பு விழுந்த அதே விரல். அவள் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

அவர் நம்பவில்லை. ஒரு தடவை தன் வாயே தன்னை ஏமாற்றியிருக்கிறது அல்லவா. கிளிப்பை இறுக்கச் சொன்னார், காதில் இன்னும் பஞ்சு வைக்கச் சொன்னார், கண்ணுக்கு மேல் துண்டைப் போடச் சொன்னார். "இருபது தடவை பாருங்க. நடுவுல நிறைய சும்மா தட்டுங்க. நுரை வெச்சுப் பார்க்கணும்." டாக்டரம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார். இருபதில் பன்னிரண்டு தடவை தொட்டாள். எட்டு தடவை தொடாமல் தட்டினாள். தொட்ட பன்னிரண்டில் பதினொன்றைப் பிடித்தார், ஒன்று தவறியது. தொடாத எட்டில் ஒன்றுக்குக்கூட உண்டு என்று சொல்லவில்லை. முந்தி ஒரு காலத்தில் பஞ்சு படுவதற்கு முன்னால் வந்த பதில், இப்போது பஞ்சு பட்டு, இரண்டு மூச்சு கழித்து, மெதுவாக வந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதோ, பாவம்.

காதிலிருந்த பஞ்சையும் கண் மேலிருந்த துண்டையும் எடுத்தார்கள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது ஒரு ஆள், ஒரு விரல், செல்லால் வந்ததா பயிற்சியால் வந்ததா என்றுகூட இப்போது சொல்ல முடியாது, இன்னும் எத்தனையோ பேரைப் பார்க்க வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே தாளில் இருந்த பதினொன்றையும் மறுபடி எண்ணிப் பார்த்தார்.

"லீக்குன்னு சொல்ல ஒரு குமிழி போதும் டாக்டரம்மா" என்றார் மோப்பம். உடனே போனைக் கேட்டார். இருபது வருஷமாகக் கூப்பிடக் கூடாது என்றிருந்த எண்ணை அழுத்தினார்.

"வணக்கம், குடிநீர்ப் புகார்ப் பிரிவு. சொல்லுங்க."

"ஒரு லீக் புகார்."

மறுமுனையில் தட்டச்சு ஓசை நின்றது. மூக்கை அடைத்த குரல்தான், இருந்தாலும் அவளுக்கா தெரியாது? லைன் பதிவாகிறது. என்ன ஆச்சு என்று கேட்க முடியாது, திட்டவும் முடியாது. அவளுக்குத் தெரிந்த முதல் கேள்வியைக் கேட்டாள்.

"எந்த இடத்துலங்க?"

"இடது கால். சுண்டு விரல்."

தட்டச்சு ஓசை மறுபடி மெதுவாகத் தொடங்கியது. பிறகு, "எவ்வளவு நேரமா?"

"அரை மணி நேரமா. இருபது தடவை நுரை வெச்சுப் பார்த்தாச்சு."

"பெருசா, சின்னதா?"

"ரொம்பச் சின்னது."

"ஆள் அனுப்பணுமா?"

"வேண்டாம். யாரும் வந்து அடைச்சுடாதீங்க. அப்படியே கசியட்டும்."

புகார் எண் எழுதிக்குங்க என்றாள் அவள். அவர் பயிற்சிப் பெண்ணிடம் பேனா வாங்கி, பரிசோதனைத் தாளின் ஓரத்தில் எழுதத் தயாரானார். அவள் ஒன்று ஒன்றாகச் சொன்னாள். மூன்றாவது எண்ணைச் சொன்னதும் அவள் குரல் நின்றுவிட்டது. மூக்கில் கிளிப் இருப்பதுகூட ஞாபகம் இல்லாமல், பேனாவைத் தாளில் வைத்தபடி, மீதி இரண்டு எண்ணுக்காக அவர் காத்துக்கொண்டிருந்தார்.